ஒரு வாரக் கஞ்சி

அன்புள்ள சொல்-ஆ அம்மாவுக்கு,

நீயும் நம் மகள் சொல்-ஆவும் சுகந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே கோஜே தீவுக் கப்பல் பட்டறையில் மழை விட்டு வெல்டிங் வேலை மும்முரமாகிவிட்டது. போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடி பொய் சொல்லிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

வருஷா வருஷம் கம்பெனி ரத்தப் பரிசோதனைக்கு முந்தின வாரம் பன்றிக்கறி, சோஜு சாராயம், சர்க்கரை கலந்த பாக்கெட் காபி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிப்பேன். கொழுப்பு இறங்கி, 'நல்ல நிலை' என்று தாள் வரும். அன்றைக்கே கறி சுட்டுக் கொண்டாடுவோம். இந்தத் தடவை புதிதாக வந்த டாக்டரம்மா மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் பார்த்துவிட்டார்.

"கஞ்சி குடிச்சு என்னை ஏமாத்தலாம், கணையத்தை ஏமாத்த முடியுமா? வருஷக்கணக்கா ரத்தத்துல கொழுப்பு ஏறியே கிடந்தா, இன்சுலின் சுரக்கிற செல்லுங்க சோர்ந்துபோகும். சர்க்கரை நோய் இன்னும் வரல, வாசல்ல நிக்குது" என்றார்.

வரிசையில் பின்னால் நின்ற ஃபோர்மேன் சுங்-மோ அண்ணன், "வாசல்ல நிக்கிறவனுக்குக் காபி குடுக்காம அனுப்புடா!" என்று சிரித்தார். பயப்படாதே, மாத்திரைகூட எழுதவில்லை.

இனி காபி பாக்கெட் அனுப்பாதே. சொல்-ஆ சின்ன வயதில் சாப்பிட்ட கிண்ணம் இருந்தால் அனுப்பு, இங்குள்ளவை பெரியவை, அளவு மீறிப்போகிறது.

போன வருஷத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி, "உங்கப்பா இரும்புடி" என்று அவளிடம் சொல்வாயே, அதை எடுத்துவிடு. இங்கு வேலைக்கு வந்த ஆறு வருஷமும் அந்தத் தாளுக்காகத்தான் கஞ்சி குடித்தேன். உங்களுக்காக ஒரு நாள்கூடக் குடிக்கவில்லை.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது.

தோங்-குக்