கடலுக்கு முதுகு காட்டியவர்

பெருநாள் இரண்டாம் நாள், இரவு.

“வேண்டாம்” என்று உம்மாவிடம் இன்று சொல்ல நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

எனக்குப் பேசிவந்த இறக்காமத்து மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களும் கல்முனைக் கடற்கரையில் வாணவேடிக்கை பார்க்க நின்றோம். முதல் வாணம் கடலுக்கு மேலே வெடித்துச் சிவப்புப் பூவாய் விரிந்தது. எல்லோரும் அண்ணாந்தோம். மாப்பிள்ளை மட்டும் சட்டெனத் திரும்பி, இருட்டுக்குள் டோர்ச் அடித்தார். வயலுக்கு வரும் யானையை விரட்ட வெடி போட்டதும் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பழகியவர்.

“மாப்பிள, இஞ்ச ஆனை வராது. மேல பாருங்க!” என்றாள் எனக்கு மூத்தவளான ராத்தா.

“பழக்கம் மச்சி. வந்தா நீங்கதான் முதல்ல ஓடுவீங்க,” என்று அவரும் சிரித்தார்.

கேலிக்கு முகம் சுருங்காத ஆளை எனக்குப் பிடிக்கும். பிறகு ஒரு வாணம் தென்னோலை போலப் பொன்னிழைகளாய்த் தொங்கி மெல்ல இறங்கியது. அது அணையும்வரை வாய்திறந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சம்மதமா என்று உம்மா கேட்டார். ஓம் என்றேன்.