மீனறையில் மூட்டிய கணப்பு

மாப்பிள்ளை,

இன்று காலை உங்கள் மீனறை ஜன்னலில் வெயில் படும்படி வைத்திருந்த பாட்டிலைத் திறந்தேன். மலைவாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர். குப்பென்று வந்தது அந்த நாற்றம். முன்பெல்லாம் அது கூடத்துக்கு வந்தால், "ஏ நூரு, வீட்டுல எலி கிலி செத்துக் கெடக்கா, இல்ல மாப்ள குளிச்சு நாளாச்சா?" என்று என் தங்கச்சியிடம் கத்துவேன். நீங்கள் உள்ளே இருந்தபடி, "குஞ்சு மீனுக்குக் கஞ்சி ஊறுது மச்சான், ஒங்களுக்கும் ஒரு டம்ளர் தரவா?" என்பீர்கள்.

அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி உண்டாகும், பொரிந்த குஞ்சுக்கு அதுதான் முதல் சாப்பாடு என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. இன்று அந்தத் தோலை ஊறப் போட்டவனே நான்தான். சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாறுகிறது. சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. வெட்கம்தான் கூட. ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

தங்கச்சி புருஷனைக் கேலி செய்வது மச்சானுக்கு உள்ள உரிமை. நம் வீடுகளில் அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. அந்த உரிமையை நான் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தேன். முழங்கால் வலி வந்து நீங்கள் ஸ்வெட்டர் கடையை மூடியபோது, விற்காத சரக்கெல்லாம் மூட்டை மூட்டையாக வீட்டுப் பின்னறையில் கிடந்தது. அதே அறையில் இரும்பு ஸ்டாண்டு போட்டுக் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கினீர்கள். கொடைக்கானல் குளிரில் வெதுவெதுப்பு கேட்கும் மீனை வளர்த்து விற்கப் போகிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ஹீட்டர். மூன்று பக்கமும் தெர்மாகோல். அதற்கு மேல் அந்த விற்காத ஸ்வெட்டர்களைச் சுற்றி, கைகளை முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தீர்கள். டூரிஸ்ட் கூட்டம் வரிசையாகக் கை கட்டி நிற்கிற மாதிரி இருந்தது.

"ஸ்வெட்டர் சரி மாப்ளே, மங்கி குல்லா எங்க? மீனு காதுல பனி ஏறிரப் போகுது" என்றேன்.

பதில் சொல்ல உங்களுக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். நான் தெருவுக்கு வந்து பீடியைப் பற்ற வைத்து, எதிரே காசிம் பாய் கடையில் டீயும் சொல்லிவிட்டேன். பின்னாலேயே மெதுவாக வந்து நின்றீர்கள்.

"மீனுக்குக் காது வெளிய இல்ல மச்சான். இருந்திருந்தா ஒங்க பேச்சைக் கேட்டே செத்துருக்கும்."

காசிம் பாய்க்கு டீ வடிகட்டி கையிலிருந்து நழுவியது. அன்று தோற்றது நான்தான்.

நீங்கள் பிடித்துக்கொண்ட மீன் முத்து கௌராமி. உடம்பெல்லாம் முத்துப் பதித்த மாதிரி புள்ளி, ஆணுக்குத் தொண்டையிலிருந்து வயிறு வரை செம்பழுப்புச் சிவப்பு. நம் மலைத் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொண்டது. நல்ல நிறத்தைத் தனியே எடுத்து, அதிலிருந்து ஜோடி சேர்த்து, மறுபடி எடுத்து, வருஷக்கணக்காக ஒரு வம்சத்தையே உண்டாக்கினீர்கள். குஞ்சுகள் வளர்ந்ததும் பழனி மீன்கடைக்குக் கொண்டுபோவது என் ஜீப்பில். வெள்ளனே கிளம்புவோம். பையில் காற்று அடித்து முறுக்கிக் கட்டினால் கிண்ணென்று நிற்கும். மலை இறங்க இறங்க அது தளர்ந்து, பழனி போய்ச் சேரும்போது என் கன்னம் மாதிரி தொங்கும்.

"என்ன பாய், காத்துல கூடவா கஞ்சத்தனம்?" என்பார் கடைக்காரர்.

"மேல கட்டுன காத்து கீழ வந்தா ஒடுங்கத்தான் செய்யும். மீனு மொகத்தைப் பாருங்க, வாடியிருக்கா?" என்பீர்கள் நீங்கள். திரும்பி வரும்போது, நான் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலை ஏற ஏற உப்பும். "பாருங்க மாப்ளே, கடைக்காரன் காத்தைத் திருப்பிக் குடுத்துட்டான்" என்பேன். நீங்கள் ஒரு வளைவு தாண்டித்தான் சிரிப்பீர்கள்.

அந்த அறையில் உங்களுக்கு ஒரே ஒரு சட்டம். ஊதுபத்தி, கொசுவர்த்தி, பீடி எதுவும் கூடாது. வாசலிலேயே என் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பீர்கள். "பீடிக் கையோட வராதீங்க மச்சான். இந்த மீனு மேல வந்து நம்ம விடுற மூச்சைத்தான் ஒரு வாய் வாங்கிக்கிட்டுப் போகுது. பம்ப்பும் இந்த ரூம் காத்தைத்தான் தொட்டிக்குள்ள அனுப்புது. ரூம்ல என்ன இருக்கோ அதுதான் அதுக்கும்."

என் பீடியை நிறுத்த நூரு சொல்லிக்கொடுத்த தந்திரம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அப்புறம் எழுந்திருக்கவில்லை. சாவுக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு நூரு என்னிடம் வந்தாள். "பிள்ளை குட்டின்னு எதுவும் இல்லண்ணே. அவுக கையால உண்டாக்குனது இந்த மீனு ஒண்ணுதான். அது அத்துப் போகாம மட்டும் பாத்துக்கங்க" என்றாள்.

"கொண்டை ஊசி வளைவுல ஜீப்பு ஓட்டுனவன் நான். மீனை ஓட்ட மாட்டேனா, போ" என்றேன். அந்த வாய்க்கொழுப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

கார்த்திகைக் கடைசியில் புயல் காற்று. அடுக்கம் பக்கமும் அட்டுவம்பட்டிப் பக்கமும் மரம் விழுந்து கரண்டு போய்விட்டது. பேட்டரியில் பம்ப் மட்டும் ஓடியது, ஹீட்டர் ஓடவில்லை. தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. மீன்கள் அடியில் போய் அசையாமல் நின்றன. நம் ஊரில் குளிர் அடித்தால் என்ன செய்வோம், கணப்பு போடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, கொல்லையில் வைத்து விசிறி, புகையெல்லாம் போய்க் கனல் சிவந்த பிறகுதான் உள்ளே வைத்தேன். உங்கள் சட்டத்தை மதித்துவிட்டதாகவே நினைப்பு. சூடு வெளியே போகக் கூடாது என்று கதவிடுக்கில் ஒரு ஸ்வெட்டரையும் திணித்தேன். பிறகு காசிம் பாய் கடையில் உட்கார்ந்து, குளிரில் ஐஸ்கிரீம் கேட்கும் டூரிஸ்ட் மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். நல்ல சிரிப்பு.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அறை வெதுவெதுவென்றுதான் இருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, குமிழி அழகாக வந்துகொண்டிருந்தது. மீன்களெல்லாம் மேலே வந்து சாய்ந்து கிடந்தன. கரி கக்கிய, கண்ணுக்குத் தெரியாத விஷக்காற்றை உங்கள் பம்ப் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ஜன்னலைத் திறந்தேன், தண்ணீரை மாற்றினேன், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் திரும்பவில்லை.

நூரு வந்து நின்றாள். சட்டியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். "நீங்க உள்ள ஒக்காந்திருந்தா ஒங்களையும்ல தூக்கியிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. சட்டியை அவளே வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் கேட்டவர்களிடமெல்லாம், "கரண்டு இல்லல்ல, குளுருல போச்சு" என்றாள். எனக்காகச் சொன்ன பொய். காலம் பூராவும் ஊரில் யார் வழுக்கி விழுந்தாலும் முதலில் சிரித்தவன் நான். அப்படிப்பட்டவனைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை. காசிம் பாய் டீயில் சர்க்கரை தூக்கலாகப் போட்டு, "விடும் பாய், குளுருக்கு நாம என்ன செய்ய முடியும்?" என்றார். டீயைப் பாதியில் வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்தேன். நீங்கள் இருந்திருந்தால் நேரம் எடுத்து யோசித்து நறுக்கென்று ஒன்று சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது வேண்டியிருந்தது.

அடுத்த சந்தை நாளில் பள்ளங்கி கிராமத்துச் செல்வி கேரட் மூட்டையை இறக்கிவிட்டு டீ குடிக்க வந்தாள். உங்களிடம் முத்து கௌராமி வாங்கிப்போய் வீட்டிலேயே தொட்டி வைத்திருக்கிறாளே, அந்தப் பெண்தான். உங்கள் மீன் வம்சத்தில் எனக்குத் தெரிந்து மிச்சம், அவள் வீட்டில் இருந்தது மட்டும்தான். எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு நூருவும் எதிர்வாசலில் வந்து நின்றாள்.

"குளுருல எல்லாம் போச்சுன்னாக, கேட்டதுலருந்து எங்க வீட்டு மீனு நெனப்புதான் பாய்" என்றாள் செல்வி. "எங்க ஊருல இன்னும் கரண்டு வரல, கம்பளி சுத்தி வச்சும் தண்ணி ஆறிக்கிட்டே போகுது. இன்னைக்கு வெரசாப் போயி மீனு ரூம்ல கணப்பு போட்டுறலாம்னு இருக்கேன்."

"நல்ல சோலி, மொதல்ல அதைச் செய்யி" என்றார் காசிம் பாய்.

"கணப்பு வேணாம் செல்வி" என்றேன்.

"ஏன் பாய்? நீங்க போடாம விட்டதுனாலதான போச்சு?"

எதிர்வாசலில் நூரு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேண்டாம் என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். அண்ணன் மானம் போகக் கூடாது அவளுக்கு. என் மானம் இருந்தால் பள்ளங்கியில் உங்கள் மீன் இருக்காது.

"போடாம விட்டதுனால இல்ல. போட்டதுனால" என்றேன். "குளுரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் கரி கணப்பை உள்ள வச்சுக் கதவைச் சாத்திட்டு, இதே பெஞ்சுல ஒக்காந்து டூரிஸ்ட் மாதிரி ஆடிக்கிட்டு இருந்தேன். நீங்க சிரிச்ச நேரத்துலதான் அதுக செத்துச்சு."

செல்வி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப்பைப் பள்ளத்தில் விட்டபோதுகூட அவ்வளவு தலை குனிந்ததில்லை.

காசிம் பாய் மெல்ல இருமினார். "அப்ப மீனுக்கு சாம்பிராணில்ல போட்டிருக்கீரு, சாம்பிராணி பாய்."

யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் கடையே சிரித்தது. செல்விகூட வாயைப் பொத்திக்கொண்டாள். நூருவைப் பார்த்தேன், வாசலில் இல்லை. அழுகிறாளோ என்று ஓடினேன். அடுப்படியில் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் அது சிரிப்பும்தான்.

"அவுக இருந்தாலும் இந்தப் பேருதான் வச்சிருப்பாகண்ணே" என்றாள். "ஆனா நாளைக்குத்தான் வச்சிருப்பாக."

செல்வி கணப்பு போடவில்லை. பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் தொட்டிகளில் மிதக்கவிட்டு, மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். தை பிறந்ததும் ஒரு பையில் ஆணும் பெண்ணுமாகக் கொண்டுவந்து என்னிடம் கொடுக்காமல் நூருவிடம் கொடுத்தாள். அதிலும் நியாயம் இருந்தது. நூரு வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் கையில் வைத்தாள். அவள் அப்படி வைத்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருந்தது.

ஆண் இப்போது தொட்டி மூலையில் நுரை ஊதிக் கூடு கட்டி, பக்கத்திலேயே காவல் நிற்கிறது. கூட்டுக்கு அடியில் ஊசி முனை மாதிரி குஞ்சுகள். அதற்குத்தான் இந்த வாழைத்தோல் தண்ணீர்.

பீடியை நான் விடவில்லை மாப்பிள்ளை, உங்களிடம் என்ன பொய். கையைக் கழுவி, உங்களை மாதிரியே நானே முகர்ந்து பார்க்கிறேன். பிறகு தெருவாசல் கதவுக்கு முன்னால் நின்று, வயிற்றிலிருந்து ஊதி ஊதி நெஞ்சில் இருக்கும் புகையை வெளியேற்றுகிறேன். காசிம் பாய் எதிரேயிருந்து, "சாம்பிராணி பாய் கதவுக்கு ஓதி ஊதுறாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். சொல்லட்டும். உள்ளே போய்க் கண்ணாடி மூடியைத் தூக்கிக் குனிகிறேன். அந்த ஆண் மெதுவாக மேலே வந்து, என் மூச்சில் ஒரு வாய் வாங்கிக்கொண்டு கூட்டுக்குத் திரும்புகிறது.