பதினாலு மணி நேரம்

நவம்பர் 12, புதன்.

அப்பாவை இன்னிக்கு எடுத்துட்டோம். அண்ணன் இருக்க, கொள்ளி நான் வச்சேன்.

தப்பு என்னோடதுதான். நேத்து அண்ணன் ஆக்லாந்துல இருந்து கிளம்பறேன்னதும் போன்ல தேடினேன். சென்னைக்குப் பதினோராயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம்னு காட்டிச்சு. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "மத்தியானத்துக்குள்ள வந்துடுவான் மாமா"ன்னு சிதம்பரம் மாமாகிட்ட சொல்லிட்டேன். நாலு மணிக்கு எடுக்கறதா அவர் சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிட்டார்.

நேர் விமானமே கிடையாதாம். போன் காட்டினது வெறும் தூரத்தை வச்சுப் போட்ட கணக்கு. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து கூப்பிட்டான். "அடுத்த ஃப்ளைட்டுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்குடா. இருப்பீங்கல்ல?"

மாமாவைப் பார்த்தேன். "பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும் மாப்ள. நாளைக்கு நாள் சரியில்ல"ன்னுட்டார்.

ராத்திரி பத்து மணிக்கு வந்தான். என் மொட்டைத் தலையைப் பார்த்தான். கூடத்துல ஃப்ரீசர் பெட்டி இருந்த இடத்துல உக்காந்து தரையைத் தடவினான்.

"இன்னும் ஜில்லுனு இருக்குடா"ன்னான்.

அது வீடு கழுவிவிட்ட ஈரம். நான் சொல்லல.