கடிகாரத்தை அழுத்த மறந்தவள்

என் அன்பிற்குரியவருக்கு,

சாப்பாடு, தூக்கம் இரண்டும் சரியாக இருக்கின்றன என்று முதலிலேயே ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் உண்மையாக எழுதலாம். போனில் உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் விடுதி மேஜையில் காகிதம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். நம் செஸ் கிளப் செயலாளர் மதிய ரயிலில் ஊர் திரும்புகிறார். சாயங்காலம் இதை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்.

பாப்பாவின் இருமல் நின்றதா? உங்கள் லேபில் காலை ஷிப்டை மாற்றிக் கொடுத்தார்களா? அத்தைக்குக் கண் சொட்டு மருந்து தீர்ந்திருக்கும், வாங்கி வையுங்கள்.

எட்டுச் சுற்று முடிந்து ஆறு புள்ளி எடுத்திருக்கிறேன். நாளை காலை கடைசி ஆட்டம். ஜெயித்தால் பட்டம். டிரா செய்தால்கூடக் கிடையாது. பட்டத்துக்குத் தேவையான மூன்று தகுதிகளில் இரண்டை ஆறு வருடத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன். மூன்றாவதற்காக நான் ஊர் ஊராக அலைந்ததும், இதுதான் கடைசி என்று அத்தையிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததும் உங்களுக்குத் தெரியாததா!

ஆறு புள்ளி என்றதும் தெரு முழுக்கச் சொல்லிவிடாதீர்கள். எப்படி வந்தது என்று கேளுங்கள். மூன்றாம் சுற்றில் என் ஆட்டம் குட்டிச்சுவர். எதிரில் இருந்த டாக்டரம்மாவுக்கு ஒரே நகர்த்தலில் ஜெயம் இருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டேன். அந்த அம்மாவோ தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு கையை நீட்டி, "நல்லா ஆடினீங்க" என்றார். நான் நன்றி சொல்லிக் கைகுலுக்கினேன். என்ன தைரியம் பாருங்கள் எனக்கு!

அதையாவது விடலாம். ஏழாம் சுற்றில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. எதிரில் ஒரு சின்னப் பெண். நகர்த்தினாள், தாளில் எழுதினாள், தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டாள். என் முறைதான், ஆனால் ஓடுவது அவள் நேரம். திரும்பி வந்து உட்கார்ந்தவள், நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக் காத்திருந்தாள். நான் யோசிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வேனே, ஏதோ நாற்றம் அடிக்கிற மாதிரி என்று கேலி செய்வீர்களே, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது நிமிடம். ஒன்றையும் யோசிக்கவில்லை. வெறும் நடிப்பு.

கடிகாரத்தைப் பார்த்தபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. மீதி இருந்த நாலு நிமிடத்தில் அவசர அவசரமாக ஆடி, குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். விதிப்படி என்மேல் குற்றமில்லை. நடுவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வெளியே வந்ததும் அவள், "என் தப்புதான்க்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அதிர்ஷ்டமும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான் என்பீர்கள். ஆறு வருடத்துக்கு முன் நான் நன்றாக ஆடிய நாளில் அது எங்கே போயிருந்தது? ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் ராணியைக் கொண்டுபோய் வெட்டுக்குக் கொடுத்தேன். அன்றைக்கு யாரோ ஒருத்தி என் தப்பை வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குச் சந்தோஷமாகச் சேதி சொல்லியிருப்பாள். எனக்கு இப்போது ஆட்டம் வற்றிவிட்டது. அது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் விட மனம் வரவில்லை. பட்டமில்லாமல் வந்தால், அதைத் துரத்திய இந்தப் பதினொரு வருடத்துக்கு நான் என்ன பெயர் வைப்பேன்?

நாளை என்னோடு ஆடப்போகிறவளிடம் நான் நாலு முறை ஆடி நாலிலும் தோற்றிருக்கிறேன். அவள் சரியாக ஆடினால் எனக்கு வழியே கிடையாது. ஆனால் நேற்றிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். இன்று சாப்பாட்டுக் கூடத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தட்டைத் தொடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கினாள். விலகிக்கொள்கிறாயா என்று நடுவர் கேட்டதற்கு மாட்டேன் என்று தலையாட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் வேண்டினேன், இந்தக் காய்ச்சல் நாளைக்குள் இறங்கிவிடக் கூடாதென்று. வேண்டி முடித்த பிறகுதான் உறைத்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி, நீங்கள் தனியாக ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்த நாளில் நான் இப்படி ஒரு விடுதியில்தான் இருந்தேன். நான் எப்படிப்பட்ட பொம்பளையாகிவிட்டேன், சொல்லுங்கள்.

செயலாளர் பெட்டியோடு வந்து நிற்கிறார், முடிக்கிறேன். நான் நன்றாக ஆட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதீர்கள், அது போதாது. அவள் ஒரு தப்பு செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை சாமியிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாப்பாவை இந்த வேண்டுதலில் சேர்க்க வேண்டாம். தோற்று வந்தால் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், திட்டுங்கள். ஜெயித்து வந்தால், எப்படி ஜெயித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என்றும் உங்களை நம்பியிருக்கும்,
உங்கள் மனைவி