பிரெஞ்சு நடிகைகளுக்கு நாம் கொடுத்த குரல்

அக்கா,

நேற்று எசன் நகரப் பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய உடுப்புக் கடையில் ஒரு கோட்டைப் பார்த்தேன். தவிட்டு நிறம். கழுத்தைச் சுற்றி நரி மயிரோ முயல் மயிரோ, பொசுபொசுவென்று ஒரு பட்டி. எழுபதுகளின் பிரெஞ்சு நகைச்சுவைப் படங்களில் வீட்டுக்காரிகளும் டாக்டர் மனைவிமாரும் போட்டுக்கொண்டு வருவார்களே, அதே வெட்டு. வாங்கும் எண்ணம் துளியும் இல்லை. ஆனாலும் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். நின்றதும் இடது புருவம் தானாக மேலே போனது. "கோதாரி விழுந்த மனிசன் வந்திட்டுது, இனி சூப்பும் காணாது" என்று வாய் சொன்னது. கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் உங்களைத் தேடித் திரும்பினேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் பழக்கம் விடவில்லை.

ஜெர்மனிக்கு நான் வந்த புதிது அது. மொழி வாய்க்குள் நுழைய மறுத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் உங்கள் மனிசனுக்கு உணவகத்தில் வேலை, என்னுடையவருக்கு நித்திரை. கீழ்மாடியிலிருந்து நான் உங்கள் வீட்டுக்கு ஏறி வந்துவிடுவேன். தொலைக்காட்சியில் அந்தப் பழைய பிரெஞ்சுப் படங்கள் ஜெர்மன் குரலில் ஓடும். கலியாணத்துக்கு முன் பாரிஸில் தமையனோடு இருந்தவர் நீங்கள், அதனால் அந்த ஜெர்மன் உங்கள் காதுக்கு ஒத்துவரவே இல்லை. ஒருநாள் அந்தப் படங்களில் வரும் நெடிய பொன்முடிக்காரிக்கும் குட்டைக் கறுப்புமுடிக்காரிக்கும் ஒரே ஜெர்மன்காரிதான் குரல் கொடுக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு பேருக்கு ஒரே சட்டையை மாட்டிவிட்டார்கள் என்று புறுபுறுத்தீர்கள். பிறகு ரிமோட்டை எடுத்து ஒலியை முழுவதுமாகக் குறைத்தீர்கள்.

"நாங்களே கதைப்பம். எங்கட தமிழுக்கு என்ன குறை?" என்றீர்கள்.

அன்றிலிருந்து பெண்கள் எல்லோரும் உங்களுக்கு. கணவன்மார், பொலிஸ்காரர், பாதிரியார், நாய் எல்லாம் எனக்கு. பாரிஸ் மாளிகையில் பட்டுச் சட்டையோடு நிற்கும் சீமாட்டி உங்கள் வாயில் நம்மூர்ப் பருத்தித்துறைக்காரியாகிவிடுவாள். புருஷனை ஏசிக்கொண்டே விருந்தாளிக்குப் புட்டு வேண்டுமா என்று கேட்பாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகும்.

அந்தப் படங்களில் கதாநாயகன் ஓடுவான், கத்துவான், காரைக் கொண்டுபோய்க் குளத்துக்குள் விடுவான். மனைவியாக வருகிறவளுக்கு நாலைந்து காட்சிகள் கிடைத்தால் பெரிய காரியம். நீங்களோ அவனைப் பார்ப்பதேயில்லை, கண் முழுக்க அவள் மேல்தான். மேசை உடைந்து சூப் விருந்தாளியின் மடியில் கொட்டுகிறது. அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்கிறாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "பாரும், சிரிக்கிறாளோ எண்டு. சிரிக்க வைக்கிறவள் சிரிக்கக் கூடாது" என்று திரையைக் காட்டுவீர்கள். விழுந்தாலும் கொண்டையைத் தடவிக்கொண்டு எழும்புகிற அந்தத் தோரணையில் உங்களுக்கு ஒரு பெரிய மயக்கம்.

நம்முடைய விழாக்களில் பகிடிப் பெண் வேஷம் என்றால் யாராவது ஓர் அண்ணை மீசையை மழித்துவிட்டுச் சீலை கட்டிக்கொண்டு வருவார். அதைக் கண்டாலே உங்களுக்கு எரிச்சல். அதற்குப் போட்டியாகத்தான் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நீங்களே ஒரு நாடகம் எழுதினீர்கள். கனடாவிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக உடைந்து விழுகின்றன, வீட்டுக்காரி எதுவும் நடக்காதது போல உபசரிக்கிறாள். வீட்டுக்காரி நீங்கள். குடும்பப் பொம்பிளை மேடையில் விழுந்து எழும்புவதா என்று பள்ளி நிர்வாகத்தில் இருந்த ஓர் அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நீங்கள் புருவத்தை மட்டும் உயர்த்தினீர்கள்.

விழாவுக்குள் உங்கள் தொண்டையில் கட்டி வந்தது. வெட்டி எடுத்து, சோதனை முடிவு வரும்வரை நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கெட்ட கட்டி இல்லை என்றார்கள். நான் படியில் குந்தி ஆறுதலாக அழுதேன். ஆனால் உங்கள் குரல் போய்விட்டது. தகரத்தில் சரளைக்கல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. குரல் நரம்பு களைத்திருக்கிறது, இப்படி நடப்பதுண்டு, திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் விடும் என்றார் டாக்டர்.

நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். தொலைபேசியை எடுக்கவில்லை. கடைக்கும் போகவில்லை. உங்கள் மனிசன் வாசலில் நின்று, "ஒருத்தரோடையும் கதைக்கிறா இல்லை, என்னோடையும்தான்" என்றார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாடகம் போனால் போகட்டும் அக்கா, அந்த அறைக்குள்ளேயே நீங்கள் இருந்துவிடுவீர்களோ என்றுதான் எனக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்காமலே ஏறி வந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். தொலைக்காட்சியைப் போட்டு ஒலியைக் குறைத்தேன். பொன்முடிக்காரி வந்தாள். நாய்க்கும் பாதிரியாருக்கும் குரல் கொடுத்துப் பழகிய நான் அவளுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கினேன். படுமோசம். நீங்கள் கொஞ்ச நேரம் பொறுத்தீர்கள். பிறகு பொறுக்க முடியாமல் என் முழங்காலில் தட்டி, எங்கே தொடங்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று உதட்டால் காட்டினீர்கள். படம் முடியும்போது உங்கள் முகம் முழுக்க அவளாகியிருந்தது. கடைசியில் அந்தச் சரளைக்கல் குரலில் மெல்லச் சொன்னீர்கள்:

"அவளுக்கு ஒரு ஜெர்மன்காரி இருக்கிறாள். எனக்கு நீர் இரும்."

விழா நாளில் உங்கள் குரலாக நான் திரைக்குப் பின்னால் ஒலிவாங்கியோடு நின்றேன். நீங்கள் மேடையில் உதட்டை மட்டும் அசைத்தீர்கள். சனத்துக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் இன்னும் கூடச் சிரித்தார்கள். கதிரையின் கால் உடைகிற காட்சி வந்தது. கதிரை விழுந்த பிறகும் அது இருக்கிற மாதிரியே நீங்கள் அந்தரத்தில் குந்தி, கனடாக்காரருக்கு வடையை நீட்டினீர்கள். திரை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. சும்மா சிரிப்பில்லை, மூச்சு வராத சிரிப்பு. மேடையில் நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள், சத்தம் வரவில்லை. மறுபடியும் திறக்கிறீர்கள். நான் சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துப் பார்த்தேன், அடங்கவில்லை. மண்டபம் அமைதியாகிவிட்டது. முடிந்தது எல்லாம், நீங்கள் இனி வாழ்நாளுக்கும் வெளியே வரமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் மெதுவாக எழும்பிச் சீலையைச் சரிசெய்தீர்கள். திரைப் பக்கம் ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு சனத்தைப் பார்த்து, உங்கள் சொந்தக் கரகரத்த குரலில் சொன்னீர்கள்:

"என்ர குரல் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டுது போல. அது வரும் வரைக்கும் இதோட சமாளியுங்கோ."

மண்டபம் அதிர்ந்தது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த அக்கா முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மீதி நாடகம் முழுவதையும் அந்தக் குரலிலேயே பேசி முடித்தீர்கள். நான் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவருக்குத் தேவைப்படாமல் போனதில் அவ்வளவு நிம்மதி எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அடுத்த நாள் காலையில் தொலைபேசி அடித்தது. "ஓம், நான்தான், சரளைக்கல்" என்றீர்கள். குரல் பாதிதான் திரும்பி வந்தது. அதை வைத்துக்கொண்டு சந்தையில் பேரம் பேசினீர்கள், கலியாண வீடுகளில் எல்லோருக்கும் மேலாகக் கதைத்தீர்கள்.

போன மாரிக்குளிரில் உங்கள் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. இறுதிச் சடங்கில் உங்கள் மகள் என்னைப் பேசச் சொன்னாள். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சனம் காத்திருந்தது. எனக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. பிறகு விம்மலும் கரகரப்புமாக எது வந்ததோ அதோடு தொடங்கி, அந்தத் தேத்தண்ணிக் கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தவர் உங்கள் மனிசன். அன்று வாசலில் நின்ற அதே மனிதர், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அதைக் கண்டதும் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

இப்போதும் ஏதாவது அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் என் ஜெர்மன் தடுக்கும், குரல் நடுங்கும். முன்பென்றால் உடனே தொலைபேசியை என் மகனின் கையில் கொடுத்துவிடுவேன். இப்போது கொடுப்பதில்லை அக்கா. வருகிற குரலில் பேசி முடித்துவிட்டுத்தான் வைக்கிறேன்.