மணி அடிக்கும் முன் என் குரல்

ஜூன் 4, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இதையெல்லாம் எழுதி வைக்கும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. வாயால் சொல்ல வேண்டியது வாயில் வருவதில்லை, அதனால் எழுதுகிறேன். அவ்வளவுதான்.

இன்று அலுவலகத்தில் என் குரலைப் பதிவு செய்தார்கள். சுகாதாரத் துறையின் தகவல் பிரிவில் நான் மெய்ப்புத் திருத்துபவள், அதுவும் தற்காலிகமாக. அறிவிப்பு வாசிக்கும் அம்மையார் நீண்ட விடுப்பில் போய்விட்டார். மெய்ப்பை நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்ததை இயக்குநர் மேடம் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். "இந்தப் பொண்ணு குரல்ல பயமே இல்ல பாருங்க. இதான் வேணும்." எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து பயந்துகொண்டிருப்பவளுக்குத்தான் அதை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியும்.

புதிய கொரோனா திரிபு பற்றிய அறிவிப்பு அது. இனி நாட்டில் யார் யாருக்குப் போன் செய்தாலும், அந்தப் பக்கம் மணி அடிக்கும் முன் என் குரல் கேட்கும். ஒரே மூச்சில் படிக்க விடவில்லை. துண்டு துண்டாகப் படிக்க வேண்டும், தேவைக்கு ஏற்றபடி ஒட்டிக்கொள்வார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அண்ணன் ஒவ்வொரு துண்டுக்கும் விரலை உயர்த்தினார். "பதற்றம் வேண்டாம்." விரல். "அரசு முழுத் தயார் நிலையில் உள்ளது." விரல். "சந்தைகள் வழக்கம்போல் இயங்கும்." விரல். "சந்தைகள் மறு அறிவிப்பு வரை மூடப்படும்." விரல்.

"அண்ணா, கடைசி ரெண்டுல எது நிஜம்?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா. ரெண்டும் கையில இருக்கட்டுமே."

ஜூன் 6, வியாழன்

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள். சந்தையில் மிதி தையல் இயந்திரம் போட்டு, வருகிறவர்களின் துணிகளைத் திருத்திக் கொடுப்பவள். இன்று காலை நூல்கடைக்குப் போன் போட்டாள். காதில் வைத்தவள் அப்படியே நின்றாள். போனைக் காதிலிருந்து எடுத்து, பூச்சி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதுபோலப் பார்த்தாள்.

"இது நீதானே?"

"ஆமாம்மா."

"அரசு தயாரா இருக்கா?"

"அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க."

"ம். பட்டம் வாங்கின வாய். நல்லாத்தான் சொல்லுது."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதுவரை அம்மா அதைப் பெருமையாக மட்டும்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவளையும் குறை சொல்ல முடியாது. முதல் அலையில் அப்பா இருமிக்கொண்டே மருத்துவமனைக்கு நடந்து போனார். இதயம் நின்றுவிட்டது என்று சொல்லி உடலைக் கொடுத்தார்கள். அன்று மாலைச் செய்தியில் எங்கள் பகுதியில் கொரோனா சாவு இல்லை என்றார்கள். அம்மா தொலைக்காட்சியை அணைத்தாள். அன்றிலிருந்து அரசு சொல்லும் எதையும் அவள் நம்புவதில்லை. மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் எழுந்து போர்வைகளைத் துவைக்கப் போடுவாள்.

ஜூன் 10, திங்கள்

பேருந்தில் என் பின்னால் இருவர்.

"யாருக்குப் போன் போட்டாலும் இந்தப் பொண்ணு குறுக்க வந்துடுது. பதற்றம் வேண்டாமாம்."

"என் பொண்டாட்டி ஒரு நாளாவது என்கிட்ட இவ்வளவு நிதானமாப் பேசியிருக்காளா?"

"இவளுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம். வீட்டுக்குள்ள ஏசி போட்டுக்கிட்டுப் பேசுறா."

வியர்வையில் முதுகோடு சட்டை ஒட்டியிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்போது நடத்துநரிடம் வாய் திறக்காமல் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி

சந்தையை மூடிவிட்டார்கள். கடைசித் துண்டு ஜெயித்தது.

திறந்தவெளிச் சந்தைக்குப் பூட்டு. எதிரே நான்கு மாடி குளிரூட்டிய கடை திறந்திருக்கிறது, அதற்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மாடிவீட்டு மாமா வாடகைக் கார் ஓட்டுபவர். அவர்தான் அம்மாவின் இயந்திரத்தைக் காரின் பின்னால் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார். "ஏசிக் காத்து பட்டா வைரஸ் மயங்கி விழுந்துடும்போல. படிச்சவ, நீ சொல்லும்மா."

அம்மா இயந்திரத்தைத் துடைத்தாள். பிறகு துடைத்துக்கொண்டே, "உன் வாயாலயே மூட வெச்சிட்டாங்க பாரு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 17, திங்கள்

விழிப்புணர்வு விழா. அரங்கம் நிறைய ஆட்கள். நாற்காலி போதாமல் ஓரத்தில் நின்றார்கள். 'கூட்டம் கூடாதீர்' என்ற பதாகையை விரித்துப் பிடிக்கவே பத்துப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். படம் எடுக்கும்போது முகக்கவசம், எடுத்ததும் தாடைக்குக் கீழே. மெய்ப்புப் பார்த்த பாவத்துக்கு நானும் போனேன். பதாகையில் பிழை இல்லை.

மாமாவிடம் சொன்னேன். "வைரஸுக்கு அழைப்பிதழ் வைக்கல போலிருக்கு, அதான் வராதுன்னு தைரியம்" என்றார்.

தெருவில் யாரும் முகக்கவசம் போடுவதில்லை இப்போது. அதிகாரிகளே போடவில்லை, நமக்கென்ன என்கிறார்கள். சோதனை மையத்தில் சோதனைக் கருவி தீர்ந்துவிட்டது. வாசலில் வெப்பமானி வைத்திருப்பவர் அதை எல்லோர் நெற்றிக்கும் நீட்டுகிறார். திரையில் வெளிச்சமே இல்லை. பேட்டரி போய்விட்டது என்று அவருக்கும் தெரியும், நெற்றியைக் காட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

ஜூன் 19, புதன்

அம்மா இருமுகிறாள். இயந்திரத் தூசி என்கிறாள்.

ஜூன் 21, வெள்ளி

தூசி இல்லை. காய்ச்சல். சாப்பிடவில்லை. மாடிப்படி ஏறி வந்தவள்போல உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்குகிறாள்.

பேசிப் பார்த்தேன். "அறிகுறி இருந்தா உடனே மருத்துவமனைக்குப் போகணும்மா. தாமதிக்கக் கூடாது. தேவையான வசதி எல்லாம் இருக்கு" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேட்டது — அதே ஏற்ற இறக்கம், அதே நிறுத்தம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விரல் உயர்வதுபோல இருந்தது.

அம்மா கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "இதைச் சொல்றது நீயா, போன்ல வர்ற பொண்ணா?"

ஈரத்துணியை அவள் நெற்றியில் மாற்றிப் போட்டேன்.

"உங்கப்பா நடந்து போனாரு. நான் நடந்து போனா எனக்கும் இதயம் நின்னுதான் போகும். இங்கயே கிடக்கேன் விடு."

அவர்களுடைய பொய்க்கு அம்மா தன் உடம்பைப் பணயம் வைக்கிறாள். பொய் சொன்னவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யாரைக் கோபித்துக்கொள்வது நான்? அவளையா? நம்பாதது அவள் தப்பா? நம்ப வைக்கும் குரல் என்று என்னைத்தானே தேர்ந்தெடுத்தார்கள். பெற்றவளை ஒரு தெரு தாண்ட வைக்க முடியவில்லை, இதற்கு ஒரு குரல்.

ஜூன் 22, சனி

எப்படி எழுதுவது. எழுதிவிடுகிறேன்.

மதியம் அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் தேடினாள். உதடு நீலமாக இருந்தது. அவசர ஊர்தி எண்ணை அழுத்தினேன்.

"பதற்றம் வேண்டாம்."

நான்தான். "அரசு முழுத் தயார் நிலையில் உள்ளது." எந்தப் பொத்தானை அழுத்தியும் நிற்கவில்லை. கைகளைக் கழுவச் சொன்னேன். கூட்டத்தைத் தவிர்க்கச் சொன்னேன். நன்றி சொன்னேன். அதன்பிறகு, எல்லாத் தொடர்புகளும் உபயோகத்தில் உள்ளன. மறுபடி அழுத்தினேன். மறுபடி நான், முதலிலிருந்து. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக, சுத்தமாக.

"வாயை மூடித் தொலைடி" என்று கத்தினேன். வாழ்க்கையில் நான் இப்படிக் கத்தியதில்லை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறியது. "அவளைத் திட்டாத. பாவம். சொல்லிக் குடுத்ததைச் சொல்றா."

சத்தம் கேட்டு மாமா இறங்கி வந்தார். பார்த்தார். ஒரு கிண்டலும் இல்லை. "போனை வை, வண்டியை எடுக்கறேன்" என்றார். இருவரும் சேர்ந்து தூக்கினோம். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"வேணாம். போனா திரும்ப மாட்டேன்."

என்னிடம் தயாராக எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன. ஒன்றும் எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியலம்மா. உள்ள என்ன பண்ணுவாங்கன்னு தெரியல. நிஜத்தைச் சொல்வாங்களான்னும் தெரியல. திரும்புவன்னு நான் சொல்ல மாட்டேன். பயமா இருக்கு, வந்துடு."

குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, பாதிச் சொல் விழுங்கி — யாரும் பதிவு செய்யமாட்டார்கள் இந்தக் குரலை.

அம்மா நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"செருப்பை எடு" என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் என் வயதுதான் இருப்பார், தூங்கிப் பல நாள் ஆன முகம். "கொரோனாதாங்க. புதுத் திரிபான்னு கேக்காதீங்க. மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினாத்தான் தெரியும். அனுப்பச் சொல்லி உத்தரவு வரல." அடுத்த கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டே, "வார்டு நிறைஞ்சிருக்கு, அதை மட்டும் என்னால சொல்ல முடியும்" என்றார்.

நடைவழியில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. 'புதிய திரிபு இதுவரை ஒருவருக்கும் உறுதி செய்யப்படவில்லை.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மெய்ப்புத் திருத்துபவள் சொல்கிறேன், ஓர் இடத்திலும் பேனா வைக்க முடியாது.

ஜூன் 25, செவ்வாய்

அம்மாவுக்கு எதிர்க் கட்டில் காலையில் காலியாகிவிட்டது. அதில் இருந்த பெண்ணின் கணவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருக்கணும்னு சொல்றாங்கம்மா. எத்தனை தடவை போன் போட்டேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு பேசி முடிக்கற வரைக்கும்…" தண்ணீரை ஒரு வாய் குடித்தார். பிறகு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"மெய்ப்புத் திருத்தற வேலைங்க."

"உங்க குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூன் 28, வெள்ளி

ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். அம்மா முதலில் கேட்டது: "என்னை எந்தக் கணக்குல போட்டாங்க?"

ஜூலை 3, புதன்

அலுவலகம் போனேன். என்னைக் கேட்காமலே புது அறிவிப்பு போய்க்கொண்டிருக்கிறது. அரசின் விரைவான நடவடிக்கையால் நோய்ப்பரவல் முழுக் கட்டுப்பாட்டில் உள்ளதாம். இந்த வாக்கியத்தை நான் சொன்னதே இல்லை. பழைய துண்டுகளிலிருந்து சொல் சொல்லாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தையல் தெரியாத அளவுக்கு நேர்த்தி. அம்மாகூட இவ்வளவு சுத்தமாகத் தைத்ததில்லை.

ஒலிப்பதிவு அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேலிடத்துல சொன்னாங்கம்மா. உனக்கும் வீட்ல கஷ்டம், தொந்தரவு பண்ண வேணாம்னு."

எவ்வளவு கரிசனம்.

ஜூலை 9, செவ்வாய்

சந்தை திறந்துவிட்டது. அம்மாவால் மிதிக்க முடியவில்லை, நான்கு மிதிக்கே மூச்சு வாங்குகிறது. காலையில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்தேன், அவள் துணியை ஓட்டினாள். "மெதுவாடி, ரேஸா ஓடுது" என்று ஏச்சு. வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். பிறகு அலுவலகம் போனேன். இன்றுதான் கடைசி நாள் என்று அப்போது தெரியாது.

இயக்குநர் மேடம் கூப்பிட்டார். மக்களின் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லும் அறிவிப்பு ஒன்று, புதுச் சொற்கள் வேண்டுமாம், நானே படிக்க வேண்டும். படித்தால் வேலையை நிரந்தரமாக்கப் பேசுவதாகச் சொன்னார். படிக்கவில்லை என்றேன். கோபப்படவில்லை அவர், களைப்பாகத்தான் தெரிந்தார். "அப்ப கான்ட்ராக்ட் இன்னியோட முடிஞ்சதா வெச்சுக்கலாம். பதிவான குரல் துறைக்குச் சொந்தம், தெரியுமில்ல?" தெரியும் என்றேன்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அம்மாவை எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று கேட்டிருக்கலாம். வேலையைக்கூடக் கேட்டிருக்கலாம். கதவு வரை வந்துவிட்டேன். எதிர்க் கட்டிலுக்குப் பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வந்தார். கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மத்தவங்களுக்கு என்னைப் போட்டுக்கோங்க. அவசர ஊர்திக்குக் கூப்பிடறவங்களுக்கு மட்டும் நான் வேணாம். அவங்களுக்கு நேரா மணி அடிக்கட்டும்."