லாம் போடாத எச்சரிக்கை

மார்ச் 3

சூரியனின் கிழக்கு விளிம்பில் ஒரு கரும்புள்ளிக் கூட்டம் எட்டிப் பார்க்கிறது. பத்து பூமிகள் வரிசையாக நிற்கும் அகலம். காந்தப்புலம் முறுக்கேறிக் கிடக்கிறது. எங்கள் விண்வெளி வானிலை மைய இயக்குநரிடம் படத்தைக் காட்டினேன். "மறுபடியும் புலி வருதா?" என்றார். போன மாதம் நான் சூரியப் புயல் என்று எச்சரித்து, ஊரே தயாராகி, கடைசியில் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் புலி. இருக்கட்டும், பூனை என்று வைக்கவில்லையே.

மார்ச் 5

மின்சாரக் கட்டுப்பாட்டு அறைக்குத் தலைமை வேறு யாருமில்லை, என் நாத்தனார். இன்று சாப்பிட வந்திருந்தார். "உன் சூரியனை நம்பி லைன் பழுது வேலையை நிறுத்தினதுக்கு எனக்கு மெமோ வந்துச்சு, தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். என் வீட்டுக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேசினால் அவருக்கு வாயில் கொழுக்கட்டைதான்.

மார்ச் 9

வெடித்துவிட்டது. புள்ளிக் கூட்டம் நேராக நம்மைப் பார்த்து நிற்கிற நேரத்தில். முதலில் வந்த கதிர்வீச்சிலேயே பகல் பக்கத்தில் சிற்றலை வானொலி செத்தது. பின்னால் வருவதுதான் பெரிது: காந்தப்புலத்தைச் சுமந்துகொண்டு ஒரு பிளாஸ்மா மேகம். நாளை மதியம் பூமியில் மோதும்.

"மோதும்" என்று எழுதினேன். இயக்குநர் அதை "மோதலாம்" என்று திருத்தினார்.

"ஒரு லாம் போட்டுட்டா நமக்குப் பாதுகாப்பு."

நமக்கா? மழை வரலாம் என்றால் எவன் குடை எடுக்கிறான்?

மேகத்தின் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருந்தால் பூமி தள்ளிவிடும், போன மாதம் போல. தெற்கு நோக்கி இருந்தால் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. எந்தப் பக்கம் என்பது மேகம் பக்கத்தில் வரும்வரை யாருக்கும் தெரியாது. தெரிந்தபின், பழுதுக்காகக் கழற்றிய மின்கம்பிகளை மாட்ட நேரம் இருக்காது. இதையும் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதினேன். ஆனால் மோதுவது உறுதி. லாமை அடித்துவிட்டு அனுப்பினேன். இந்த முறையும் பொய்த்தால் ஆவண அறைக்கு மாற்றல் என்று மிரட்டியிருக்கிறார். மாற்றட்டுமே. பயந்து எழுதினால் அது முன்னறிவிப்பா?

பிறகு நாத்தனாருக்கு ஃபோன்.

"அண்ணி, பழுதுபாக்கக் கழட்டி வச்ச லைனையெல்லாம் திரும்ப மாட்டுங்க."

"மறுபடியும் ஒண்ணும் வரலைன்னா?"

"என்னைத் திட்டுங்க. டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சா திட்டறதுக்குக்கூட வெளிச்சம் இருக்காது."

வைத்துவிட்டார். மாட்டுவாரா?

மார்ச் 10

தெற்கு.

மார்ச் 11

விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. "பாத்தீங்களா, ஊர்ல ஒண்ணுமே ஆகல" என்கிறார் இயக்குநர். காந்தப்புலம் அளக்கும் கருவிகளின் கோடுகள் எல்லாம் உச்சத்தைத் தொட்டு நிற்கின்றன, அதைக் காட்டினால் பார்க்க மாட்டேன் என்கிறார். பொய்த்தாலும் உதை, பலித்தாலும் உதை. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடியா? போங்கய்யா.

மார்ச் 12

விளக்கக் கூட்டம். நாத்தனார் வந்திருந்தார். இயக்குநர் எழுந்து, "ரெண்டாவது தடவையா உங்களை அலைக்கழிச்சுட்டோம், மேடம்" என்று ஆரம்பித்தார்.

"இருங்க சார். முந்தாநாள் மண்ணுக்குள்ளேர்ந்து எங்க டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள கரண்ட் ஏறுச்சு. சூடு ஏறிக்கிட்டே போச்சு. எல்லா லைனும் மாட்டியிருந்ததால சுமையைப் பிரிச்சு விட்டு சமாளிச்சோம். ஒண்ணும் ஆகலைங்கறீங்க. ஆகாம இருக்கத்தான் என் ஆளுங்க சோறு தண்ணி இல்லாம நின்னாங்க."

நான் அழவில்லை. மூக்கை மட்டும் சிந்திக்கொண்டேன்.

மார்ச் 14

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. "பலிச்சது வேற விஷயம், என் திருத்தத்தை மீறினது வேற விஷயம்" என்றார் இயக்குநர். மீறினேன். இன்னொரு தடவை கேட்டாலும் மீறுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 18

ஆவண அறையில் ஜன்னல் இல்லை. பழைய தூசு, ஒரு கணினி, ஒரு ஃபோன். காலையிலேயே அது அடித்தது. நாத்தனார்.

"வடக்குப் பக்கம் ஒரு லைன்ல வேலை இருக்கு. உங்க ஆபீஸ் அறிக்கை வந்துச்சு, படிச்சேன். வரலாம், வராமலும் போகலாம்னு இருக்கு. நீ சொல்லு, கழட்டட்டுமா?"

இன்றைய சூரியனைத் திரையில் வரவழைத்து, விளிம்பிலிருந்து விளிம்புவரை பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை.

"கழட்டுங்க அண்ணி."